தொலைக்காட்சி விளம்பரமும் தமிழ் வீடும்

விளம்பு என்னும் வினையடியாகப் பிறந்தது விளம்பரம் என்னும் சொல். விளம்புதலாவது பலரும் அறியச் சொல்லுதல். சொல் பழையது, செயல் அதனினும் பழையது. புகார் நகரில் இந்திர விழா தொடங்குவதை ஊரார்க்கு அறிவிக்க, முரசத்தை யானையின் பிடரியில் ஏற்றி அறைந்த செய்தியை மணிமேகலையின் விழாவறை காதை கூறுகின்றது. மதுரைக்காஞ்சியும் பட்டினப்பாலையும் நகர வீதிகளில் ஆடிய பலவகைக் கொடிகளைப் பேசுகின்றன. கள் விற்கும் இடத்தைக் காட்டும் கொடியும் அவற்றுள் ஒன்று.

ஆயினும் அந்த முரசு தெருவில் ஒலித்தது. அந்தக் கொடி கடையின்மேல் நின்றது. வேண்டாதவர் கதவை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்கலாம். தொலைக்காட்சி விளம்பரமோ கதவைத் தாண்டி நடுக்கூடத்திற்கே வந்துவிடுகின்றது. கதை பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தாரிடையே அமர்ந்து, கதையை நிறுத்திவிட்டுத் தன் சரக்கைக் கூவுகின்றது. இப்புதுமை மலேசியத் தமிழர் வீட்டினுள் எப்பொழுது நுழைந்தது? எம்மொழியில் பேசிற்று? யாரை நோக்கிப் பேசிற்று? பொழுதுபோக்காகப் பெட்டியின்முன் அமர்பவர்க்குச் சிறியனவாகத் தோன்றும் இவ்வினாக்கள், தமிழர் இந்நாட்டில் எவ்வாறு எண்ணப்பட்டனர் என்னும் பெரிய வினாவோடு பின்னிக் கிடக்கின்றன.

இரு வழிகள்

தொலைக்காட்சி நடத்தப் பெரும்பொருள் வேண்டும். அப்பொருளை யார் தருவது என்னும் கேள்விக்கு உலகம் இரண்டு விடைகளைக் கண்டது. இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் 1936-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அங்கே பார்ப்போரே உரிமக் கட்டணம் செலுத்தினர், விளம்பரத்திற்கு இடமில்லை. அமெரிக்காவோ வணிகர் கையிலிருந்து பொருளைப் பெற்றது. 1941-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் நியூயார்க் நிலையம் ஒன்றில், பேஸ்பால் ஆட்டம் தொடங்குமுன், புலோவா கைக்கடிகாரத்தின் விளம்பரம் சில நொடிகள் தோன்றியது. தொலைக்காட்சியில் இசைவு பெற்று வந்த முதல் வணிக விளம்பரம் அதுவே என்பர்.

இங்கிலாந்தும் நெடுங்காலம் தன் வழியிலேயே நிற்கவில்லை. 1955-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் ஐ.டி.வி. என்னும் வணிக நிலையம் தொடங்கிற்று. அன்றிரவு தோன்றிய முதல் விளம்பரம் ஒரு பற்பசைக்குரியது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. ஆனால் தூர்தர்ஷனில் வணிக விளம்பரம் இடம்பெற்றது 1976-ஆம் ஆண்டில்தான்.

இவ்விரு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு ஆழமானது. உரிமக் கட்டணத்தால் நடக்கும் நிலையத்திற்குப் பார்ப்பவர் குடிமக்கள். விளம்பரத்தால் நடக்கும் நிலையத்திற்கு அவர் சந்தைக்கு வந்தவர். பின்னதில் நிலையம் வணிகர்க்கு விற்பது பார்ப்போரின் நேரத்தையே. நிகழ்ச்சி அந்நேரத்தைப் பிடித்து வைக்கும் வலையாகின்றது. எத்தனை பேர் பார்க்கின்றனர், அவர்கள் எவ்வளவு வாங்கும் ஆற்றல் உடையவர் என்பதைப் பொறுத்தே சில நொடிகளின் விலை அமைகின்றது.

மலேசியா இரண்டையும் ஏற்றது

மலேசியா 1963-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் பிறந்தது. அவ்வாண்டே டிசம்பர் 28-ஆம் நாள் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் நாட்டின் தொலைக்காட்சியைத் தொடங்கி வைத்தார். அம்பாங் சாலையில் உள்ள துங்கு அப்துல் ரகுமான் மண்டபமே முதல் ஒளிபரப்புக் கூடமாயிற்று. அலைகள் முதலில் எட்டியது கோலாலம்பூரும் அதனைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்குமே. இந்தோனேசியாவுடன் பூசல் நடந்த காலம் அது. புதிய கூட்டமைப்பின் குரலை மக்களிடம் கொண்டுசெல்ல அரசுக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அண்டையிலிருந்த சிங்கப்பூரில் அவ்வாண்டு பிப்ரவரி 15-ஆம் நாளே தொலைக்காட்சி தொடங்கிவிட்டது.

பொருளுக்கு வழி என்ன? மலாயா வானொலி 1960-ஆம் ஆண்டிலேயே விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியிருந்தது. தொலைக்காட்சியும் அவ்வழியைப் பின்பற்றியது. அதே வேளையில் பெட்டி வைத்திருப்போர் உரிமக் கட்டணமும் செலுத்தினர். அக்கட்டணம் ஆண்டுக்கு 24 வெள்ளியாக இருந்து, 1999-இல் நீக்கப்பட்டது. ஆகவே மலேசியப் பார்வையாளர் ஒரே காலத்தில் குடிமகனாகவும் வாங்குவோனாகவும் விளங்கினார். இங்கிலாந்தின் வழியும் அமெரிக்காவின் வழியும் இந்நாட்டில் ஒரே பெட்டிக்குள் கூடி வாழ்ந்தன.

தமிழுக்கு இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் தோன்றியது 1975-ஆம் ஆண்டில். இலங்கையில் முதல் தொலைக்காட்சி நிலையம் 1979-இல்தான் வந்தது. அரசின் ரூபவாகினி 1982-இல் தொடங்கியது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 1960-களிலேயே மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் திரையேறிவிட்டது. தமிழகத்துத் தமிழர் தம் மொழியைத் தொலைக்காட்சியில் காணுமுன்பே, கடல்கடந்த தமிழர் கண்டனர். தமிழகத்திலிருந்து கடன் வாங்க மாதிரி ஏதும் இல்லாத நிலையில், தொலைக்காட்சித் தமிழ் என்பதை இங்கிருந்த அறிவிப்பாளரும் செய்தி எழுதுவோரும் மொழிபெயர்ப்பாளரும் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

பங்சாரும் அங்காசாபுரியும்

அப்பணி நடந்த இடம் விரைவில் அம்பாங் சாலையிலிருந்து பங்சாரை ஒட்டிய குன்றுப் பகுதிக்கு மாறியது. வானொலி 1968-ஆம் ஆண்டிலும், தொலைக்காட்சி 1969-ஆம் ஆண்டிலும் அங்காசாபுரி என்னும் புதிய மாளிகைக்குக் குடிபெயர்ந்தன. அங்காசா என்பது ஆகாயம். புரி என்பது நகர். வடமொழியிலிருந்து மலாய் மொழிக்குச் சென்ற இச்சொற்கள் தமிழர் செவிக்கும் அயலானவை அல்ல. வானொலியும் தொலைக்காட்சியும் ஒரே துறையாக இணைந்ததும், 1969-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள் இரண்டாம் அலைவரிசை தொடங்கியதும் இக்காலத்தில்தான். மலாய் மொழி முதல் அலைவரிசையில் தலைமை பெற, தமிழ் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இரண்டாம் அலைவரிசைக்கு உரியவை ஆயின.

பங்சார் என்னும் பெயர், புங்கே, கிரிசார் என்னும் பெல்ஜிய இரப்பர் முதலாளிகள் இருவர் பெயர்களின் கூட்டு என்பர். அங்கே பால் மரம் சீவியவருள் தமிழர் மிகப் பலர். பின்னர்த் தோட்டம் வீட்டுமனைகளாக மாறி, இன்று கோலாலம்பூரின் செல்வம் மிக்க வட்டாரங்களுள் ஒன்றாய் விளங்குகின்றது. நாட்டின் மின்வாரியத் தலைமையகமும் பங்சார்ச் சாலையிலேயே அமைந்தது. அருகே பிரிக்பீல்ட்ஸ்; அங்கே இருப்புப்பாதைத் தொழிலாளர் குடியிருப்புகள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குச் செல்லும் இருப்புப்பாதையின் ஓரமாகவே அங்காசாபுரி நிற்கின்றது.

மின்சாரம், ஒளிபரப்பு, தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பு ஆகிய மூன்றும் இவ்வாறு அடுத்தடுத்து அமைந்திருந்தும், அவை ஒன்றுகூடக் காலம் பிடித்தது. பிரிக்பீல்ட்ஸ் போன்ற நகர்ப்புறங்களில் மின்விளக்கு எரிந்த நாளிலும், தோட்டப்புற வரிசை வீடுகள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அங்கெல்லாம் தொலைக்காட்சி என்பது ஒரு குடும்பத்தின் உடைமையாக வரவில்லை. மண்டபத்தில் வைத்த பொதுப் பெட்டியாகவே வந்தது. பாயை எடுத்துக்கொண்டு போய் அமர்ந்து பலரும் கூடிப் பார்த்தனர்.

அங்ஙனம் கூடியவர் தமிழுக்கெனக் காத்திருந்தனர். தமிழ்ச் செய்தியும் தமிழ்த் திரைப்படமும் நாள்தோறும் நெடுநேரம் வருவன அல்ல, அளவாக வருவன. அளவாக வந்தமையாலேயே அவை முழுக் கவனத்தோடு பார்க்கப்பட்டன. பொருள் விளங்கினும் விளங்காவிடினும் மற்ற மொழி நிகழ்ச்சிகளையும் பார்த்ததால், பிற இனத்தாரின் முகமும் பாட்டும் பேச்சும் தமிழ்ச் சிறுவர்க்குப் பழக்கமாயின. 1978-ஆம் ஆண்டு டிசம்பர் 28-இல் வண்ண ஒளிபரப்பு வந்தபோது, அக்கூடத்தின் காட்சி மேலும் விரிந்தது.

இரண்டு கணக்குகள்

இங்கே ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. தமிழ் நிகழ்ச்சிக்கு இடம் தந்தது அரசின் கணக்கு. 1957-ஆம் ஆண்டு மலாயாவில் இந்தியர் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர். அவருள் பெரும்பாலோர் தமிழர். நாட்டின் குடிகள் என்னும் முறையில் அவர்கட்குச் செய்தி சென்று சேர வேண்டும் என்பது அக்கணக்கின் நெறி. ஏழையா, செல்வனா என்று அது கேட்பதில்லை.

விளம்பரம் கணக்கிடும் முறை வேறு. அது தலையை எண்ணுவதோடு நில்லாமல் பணப்பையையும் எண்ணும். தோட்டத் தொழிலாளியின் கூலியைக் கொண்டு வாங்கத்தக்கவை பால்மாவு, சவர்க்காரம், பற்பசை, தைலம் போன்ற சிறு பொருள்களே. அவற்றையும் தமிழில் கூறினாலன்றி வாங்கமாட்டார் என்னும் நிலை இருந்தால்தான், தமிழில் விளம்பரம் செய்ய வணிகர் பொருள் செலவிடுவார். மலாய் மொழி விளம்பரமே தமிழர்க்கும் விளங்கிவிடும் எனின் அச்செலவு எதற்கு? ஆதலால் தமிழ்ப் படத்தின் நடுவே வேற்றுமொழி விளம்பரம் வந்து போவது பார்ப்போர்க்குப் பழகிப்போன காட்சி ஆயிற்று. அம்மா மகனைப் பிரிந்து தமிழில் அழுவாள். அடுத்த நொடியில் சவர்க்காரம் மலாயில் நுரைக்கும். சிரிப்புக்குரியதாகத் தோன்றும் இவ்விடைவெட்டு ஒரு வரலாற்றுச் சான்று. நிகழ்ச்சி தமிழரைக் குடியாக எண்ணியது. விளம்பரம் அவரைத் தனிச் சந்தையாக இன்னும் எண்ணவில்லை என்பதே அதன் பொருள்.

அரசு விளம்பரங்களுக்கு ஒழுங்கும் வகுத்தது. வானொலி, தொலைக்காட்சி விளம்பரங்களுக்கான நெறிமுறைத் தொகுப்பைத் தகவல் அமைச்சு வெளியிட்டது. உள்நாட்டுக் கலைஞரைக் கொண்டு உள்நாட்டிலேயே விளம்பரப் படம் எடுக்கப்பெற வேண்டும் என்னும் விதியும் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டு முகங்கள் குறைந்து இந்நாட்டு முகங்கள் திரையில் தோன்ற அது துணைசெய்தது. ஆனால் இந்நாட்டு முகங்களுள் தமிழ் முகம் எத்துணை முறை தோன்றும் என்பதை எந்த விதியும் கூறவில்லை.

சந்தை தமிழ் பேசத் தொடங்கியது

1984-ஆம் ஆண்டு சூன் முதல் நாள் டிவி3 என்னும் தனியார் நிலையம் தொடங்கியது. விளம்பர வருவாயையே நம்பி நடக்கும் முதல் மலேசிய நிலையம் அது. அதனோடு போட்டியிட வேண்டிய நிலை அரசு நிலையத்திற்கும் ஏற்பட்டது. இதே காலத்தில் ஒளிநாடாக் கருவியும் வீடுகளில் புகுந்தது. தமிழ்த் திரைப்படத்தை வாடகைக்கு எடுத்து, விளம்பரமே இன்றிப் பார்க்கும் வழக்கம் பரவியது. தமிழ்க் காட்சிக்குப் பணம் கொடுக்கத் தமிழ்க் குடும்பம் அணியமாக உள்ளது என்பதை வணிக உலகம் கண்டுகொண்டது.

அதன் பயன் 1996-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மீசாட் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. ஆஸ்ட்ரோ என்னும் கட்டணத் தொலைக்காட்சி பிறந்தது. அதனுடன் வானவில் என்னும் தமிழ் அலைவரிசையும் வந்தது. அளவாகக் கிடைத்த தமிழ் இப்பொழுது நாள் முழுதும் கிடைத்தது. தமிழகத்திலும் காலம் மாறியிருந்தது. 1984-இல் தூர்தர்ஷனில் வந்த ‘ஹம் லோக்’ என்னும் இந்தித் தொடர், வணிகர் பொருளுதவியால் நெடுங்கதை நடத்தும் முறையை இந்தியாவில் நிலைநாட்டியது. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது. 1999-இல் தொடங்கிய ‘சித்தி’ போன்ற தொடர்கள் மாலை நேரத்தைத் தம் வயமாக்கின. அந்நெடுந்தொடர்கள் செயற்கைக்கோள் வழியே மலேசிய வீடுகளையும் வந்தடைந்தன.

நெடுந்தொடர் என்னும் இவ்வடிவமே விளம்பரத்தின் குழந்தை. அமெரிக்காவில் 1930-களில் வானொலி வழியே இல்லத்தரசியர்க்குத் தொடர்கதைகளை வழங்கியவர் சவர்க்கார உற்பத்தியாளர். அதனால் அவற்றுக்குச் சவர்க்கார நாடகம் என்னும் பெயரே ஏற்பட்டது. கதை உச்சத்தில் முறிவது, ஒரு சொல்லைக் கேட்ட பலர் முகங்களையும் மாறி மாறிக் காட்டுவது, வெள்ளிக்கிழமை வந்த துன்பம் திங்கட்கிழமை வரை தீராமல் நிற்பது ஆகிய யாவும் விளம்பரம் முடியும்வரை பார்ப்பவரை எழுந்து போகாமல் இருத்தி வைப்பதற்கு உதவும் உத்திகள். தொடரைக் கண்டு அலுத்துக்கொள்பவர் இக்காரணத்தை அறிந்தால், குற்றத்தை எழுத்தாளர் ஒருவர்மீதே சுமத்தமாட்டார்.

ஒரு மாறுதலைக் குறிக்காமல் செல்லலாகாது. முன்பு தமிழ் நிகழ்ச்சி, உரிமம் பெற்ற எவர் வீட்டிலும் திறந்தால் வந்தது. பின்பு மிகுதியான தமிழ், மாதக் கட்டணம் கட்டியவர் வீட்டிற்கே வந்தது. அரசின் இரண்டாம் அலைவரிசை தமிழைக் கைவிடவில்லை. ஆனால் தமிழ்க் குடும்பத்தின் மாலைப்பொழுது பெருமளவு கட்டண அலைவரிசைக்கு மாறிவிட்டது. தமிழின் அளவு பெருகியது. அதனைப் பெறுதற்குரிய தகுதி குடியுரிமையிலிருந்து வாங்கும் ஆற்றலுக்கு இடம் பெயர்ந்தது. நன்மையும் தீமையும் ஒருங்கே வந்தன எனலே நேர்மை.

திருநாள் விளம்பரமும் நிறமும்

மலேசிய விளம்பர வரலாற்றில் பெருமைக்குரிய ஒரு பகுதியும் உண்டு. தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ், 1990-களின் நடுப்பகுதியிலிருந்து நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி, விடுதலை நாள் ஆகியவற்றுக்குச் சிறு படங்களை வெளியிட்டு வந்தது. அவற்றுள் பலவற்றை உருவாக்கியவர் யாஸ்மின் அகமது. விளம்பர நிறுவனத்தில் பணிபுரிந்துகொண்டே திரைப்படமும் இயக்கிய இவர், 2009-ஆம் ஆண்டு சூலை 25-இல் மறைந்தார். அவ்வாண்டு வெளிவந்த ‘டேலண்டைம்’ என்னும் அவர் படத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் தமிழிலேயே பேசி வாழ்கின்றது.

அத்திருநாள் விளம்பரங்கள் எப்பொருளையும் வாங்கச் சொல்லவில்லை. மூத்தோரை மறவாமை, பிற இனத்தாரோடு நட்பு முதலியவற்றையே கூறின. மலாய், சீன வீடுகளிலும் தமிழ் முகங்கள் கனிவோடு பார்க்கப்பட்டன. எனினும் ஓர் உண்மையை ஓர்தல் வேண்டும்: தீபாவளிக்கு முன்னுள்ள சில நாள் திரையில் நிறைந்து விளங்கும் தமிழ்க் குடும்பம், திருநாள் கழிந்ததும் பெரும்பாலும் மறைகின்றது. மகிழுந்து வாங்கும் தந்தையாக, வங்கியில் கணக்குத் தொடங்கும் மாணவியாக, ஆண்டு முழுதும் அக்குடும்பம் காணப்படுவது அரிது.

நிறம் பற்றிய செய்தியும் இதனோடு சேர்ந்தது. முகத்தை வெண்மையாக்கும் பசைகளின் விளம்பரங்கள் பல்லாண்டு ஓடின. கருநிறப் பெண் வேலைக்கும் திருமணத்திற்கும் தகுதி குறைந்தவள் என்றும், பசை பூசியபின் தகுதி பெறுகின்றாள் என்றும் அவை கதை கட்டின. 2017-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கென வெளியான ஒரு காணொளி விளம்பரத்தில், முகத்தில் கருமை பூசிய பெண், அது நீங்கிய பின்னரே விரும்பத்தக்கவளாகக் காட்டப்பட்டாள். மக்கள் கண்டித்தனர், வெளியிட்டோர் மன்னிப்புக் கேட்டு அதனை விலக்கிக்கொண்டனர். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்று 1975 முதல் இந்தியாவில் விற்கப்பட்ட பசையின் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல் 2020-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. விளம்பரம் கல்லில் எழுதியதன்று. பார்ப்பவர் வாய் திறந்தால் மாறும் என்பதற்கு இவை சான்று.

விளம்பரத் தமிழ்

தமிழாசிரியர் கவனத்திற்குரியது விளம்பரத்தின் மொழி. ஒரே படத்தை எடுத்து, அதற்கு மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் என்று பல குரல்களைச் சேர்க்கும் முறை இந்நாட்டில் பரவலாக உள்ளது. நடிப்பவரின் உதடு ஒரு மொழிக்கு அசையும். குரல் வேறு மொழியில் ஒலிக்கும். மலாயிலும் ஆங்கிலத்திலும் வினை எழுவாயை அடுத்து வரும். தமிழில் இறுதியில் வரும். குறித்த நொடிகளுக்குள் தமிழ்த் தொடரை அடைக்க முற்படுவோர் வேற்றுமை உருபை விடுவர், வினைமுற்றை விழுங்குவர், அல்லது மூலமொழியின் சொல்வரிசையையே தமிழில் நிறுத்துவர். கேட்கும் சிறுவர்க்கு அதுவே தமிழின் இயல்பாகப் படிந்துவிடுகின்றது.

தமிழிலேயே கருக்கொண்ட விளம்பரம் அவ்வாறன்று. அது மோனையையும் எதுகையையும் தானே நாடும். பழமொழி போலச் சுருங்கும். கேட்டவர் நாவில் நிற்கும். ஒரு செய்யுளை மனப்பாடம் செய்ய ஒரு வாரம் கேட்கும் மாணவன், ஒரு விளம்பரப் பாட்டை இரண்டே நாளில் ஒப்பிப்பதற்குக் காரணம் அதன் சந்தமும், அது பன்முறை ஒலிப்பதும் ஆகும். யாப்பின் பயனை வணிகர் நன்கு அறிந்துள்ளனர்.

2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மலேசியக் குடிமக்களுள் இந்தியர் நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவு. 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் இயங்குகின்றன. பள்ளியில் ஆசிரியர் பேசும் தமிழோடு, மாலையில் பெட்டி பேசும் தமிழும் சேர்ந்தே ஒரு குழந்தையின் மொழி உருவாகின்றது. 2019-இல் பழைய அலைபரப்பு முறை நிறுத்தப்பட்டு, எண்ணியல் முறை வந்துவிட்டது. கைப்பேசியிலும் காட்சிகள் ஓடுகின்றன. கருவி மாறினும் கதையின் நடுவே விளம்பரம் நுழையும் வழக்கம் மாறவில்லை.

ஆகவே மேல்வகுப்பு மாணவரை ஒரு வாரம் வீட்டில் காணும் விளம்பரங்களைக் குறித்துவரச் செய்தல் பயனுடைய பயிற்சியாகும். விற்கப்படும் பொருள் யாது, பேசும் மொழி யாது, தமிழ் முகம் உண்டா, உண்டாயின் அது வாங்குபவர் முகமா ஏவல் செய்பவர் முகமா, தமிழ்த் தொடரில் விடுபட்ட உருபு எது என ஐந்து கட்டங்கள் போதும். பிழைத் தொடரைத் திருத்தி எழுதினால் இலக்கணப் பாடம் ஆகும். கட்டங்களைக் கூட்டிப் பார்த்தால், தம்மைச் சந்தை எவ்வாறு எண்ணுகின்றது என்பதை அம்மாணவர் தாமே கண்டறிவர். அவ்வாறு அறிந்தவர், நல்ல தமிழில் தம்மிடம் பேசுமாறு வணிகரைக் கேட்கவும் துணிவர்.